எங்க பக்கத்து மலையேத்தம் பரிசல் க்ளப்: ஒரு வருஷம் போயிட்டு வந்து எழுதறது

பெருந்துறை, சென்னிமலை, ஊத்துக்குளி சுத்துவட்டாரத்துல இருக்கறவங்களை ஞாயித்துக்கிழமையானா மலைக்கும் குளத்துக்கும் கூட்டிட்டு போற க்ளப் ஒண்ணு இருக்குதுங்க, நான் அதுல சேந்து இந்த ஆவணியோட ஒரு வருஷம் ஆச்சு. ஒறம்பரைல மூணு பேரு, கம்பெனில ரண்டு பேரு "எப்படி இருக்குது, சேரலாமா, பொம்பளைங்களுக்கு சரிப்படுமா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு பதிலா மொத்தமா இங்கயே எழுதிடறேன். சந்தா என்ற சொந்தக் காசுல கட்டுனது, யாரும் எழுதித்தரச் சொல்லல.

என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாத்தான் மத்தது புரியும். வயசு 43, திருப்பூர்ல பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் சேர்லயே உக்காந்திருக்கற வேலை. பொறந்த ஊடு கீழ்பவானி வாய்க்கால் கரைமேல. ஆகஸ்ட் 15 வாக்குல பவானிசாகர்ல தண்ணி தொறந்து உட்டாங்கன்னா ஊரே வாய்க்கால்லதான் கெடக்கும், அண்ணன் பாலத்து மேல இருந்து குதிப்பான், நான் கரைல நின்னுட்டு அவன் துணிமணியக் காவல் காப்பேன். எங்கப்பா தண்ணில எறங்கவே உடமாட்டாரு. வருஷா வருஷம் யாராவது ஒருத்தரை அந்த வாய்க்கால் இழுத்துட்டுப் போகும், அந்த பயம் அவருக்கு, அதுல அவரைக் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அப்படியே 40 தாண்டி முழங்காலுக்கு மேல தண்ணிய ஒடம்புல தெரியாமயே இருந்துட்டேன். க்ளப்ல சேந்ததே அதுக்காகத்தான், மலை எனக்கு ரெண்டாம் பட்சம்.

ஆனா போனவுடனே குளத்துல எறக்க மாட்டாங்க. மொதல்ல ஒரு பாரம், சுகர், பிரஷர், ஆஸ்துமா, பழைய ஆபரேஷன், சாப்பிடற மாத்திரை எல்லாம் கேக்கறாங்க, மறைச்சா அடுத்த தடவ கூட்டிட்டுப் போறதில்ல. 2024 சீசன்ல வெள்ளியங்கிரி ஏறுன பல பேரு நெஞ்சுவலி மூச்சுத்திணறல்னு தவறிப்போனாங்கல்லங்க, அதுக்கப்புறம் இந்த பாரத்தை கண்டிப்பாக்கிட்டாங்களாம். அது முடிஞ்சா சென்னிமலை. பஸ்ஸுல ஏற உட மாட்டாங்க, அடிவாரத்துல இருந்து 1320 படியும் நடந்தே ஏறணும், வெடியக்காலம் அஞ்சரைக்கெல்லாம் ஆரம்பிச்சுருவாங்க. நேரம் பாக்க மாட்டாங்க, நின்னு நின்னு ஏறுனாலும் சரி, மேல போனவுடனே பேச முடியுதா, நாடி எவ்வளவு நேரத்துல எறங்குதுன்னு பாத்து குறிச்சுக்கறாங்க.

அன்னைக்கு 14 பேர்ல நாந்தான் கடைசி. பாதி தூரத்துல கால் நடுங்குது, முன்னாடி போனவங்க கண்ணுக்கே தெரியல, எறங்கிரலாமான்னு நெனச்சப்ப பின்னாடி இருந்து ஒரு சத்தம், "மெதுவா வா அம்மிணி, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல"ன்னு. ரிட்டயர்டு டீச்சருங்க அவங்க, அறுபது தாண்டிட்டாங்க. இந்த க்ளப்ல எந்த மலைக்குப் போனாலும் கடைசி ஆளுக்கும் பின்னாடி ஒருத்தர் வருவாங்க, அவங்க யாரையும் முந்தவே கூடாது, அது சட்டம். முன்னாடி போறவங்களும் ஒவ்வொரு மண்டபத்துலயும் நிக்கணும், அதுவும் கடைசி ஆள் வந்து சேந்து மூச்சு வாங்கி தண்ணி குடிச்ச பொறகுதான் கெளம்பணும். மத்த எடங்கள்ல பாத்திருக்கேன், கடைசி ஆள் வந்தவுடனே "சரி போலாம்"னு எந்திரிச்சுருவாங்க, பாவம் வந்தவங்களுக்கு ஓய்வே கிடைக்காது. டீச்சரக்கா அன்னைக்கு என் கூட ஊர்ப்பழமை பேசிட்டே வந்தாங்க, எப்ப மேல போய்ச் சேந்தோம்னே தெரியல. நான் இந்த க்ளப்பை விடாம புடிச்சுட்டு இருக்கறதுக்கு அந்த ஒரு காலை போதும்.

குளத்துக்கு வரேன். துடுப்புப் பயிற்சி நடக்கறது ஊத்துக்குளி பக்கத்துல ஒரு குளம், ஊராட்சிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கி வெச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு அந்தக் குளத்துல சீமைக்கருவேல முள்ளுதான் இருந்துச்சு, ஆடு மேய்ப்பாங்க, பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. 2024 ஆகஸ்ட்ல அத்திக்கடவு அவினாசி திட்டம் தொறந்த பொறகுதான் தண்ணி. காலிங்கராயன் அணைக்கட்டுல இருந்து பவானி ஆத்து உபரித் தண்ணிய பம்ப் பண்ணி மூணு மாவட்டத்துல 1045 குளம் குட்டைக்குக் கொண்டாறாங்க, அதுல இதுவும் ஒண்ணு. எங்கப்பா காலத்துல இருந்து தேர்தலுக்குத் தேர்தல் பேசுன திட்டமுங்க. வறண்டு கெடந்த அந்தக் குளத்துல நீர்க்கோழி நீந்தறதப் பாத்தப்பவே எனக்கு மனசு நெறஞ்சு போச்சு, அதுல நானே படகு ஓட்டப் போறேன்னா பாத்துக்கோங்க.

மொத வகுப்பு பூரா லைஃப் ஜாக்கெட் மட்டும்தான். போட்டு, எல்லா வாரும் இழுத்துக் கட்டி, பொறகு ஒருத்தர் பின்னாடி நின்னு தோள்பட்டைல புடிச்சு மேல தூக்கறாங்க, அது தாடை வரைக்கும் ஏறுச்சுன்னா சைஸ் தப்பு, வேற மாத்து. சுற்றுலா போற எடத்துல எல்லாம் ஒரு அழுக்கு ஜாக்கெட்டைக் கழுத்துல மாட்டி விட்டு அனுப்பறாங்களே, தண்ணில உழுந்தா அது மேல போயிரும் நாம கீழ போயிருவோம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். ரெண்டாவது வகுப்புல கயாக்னு சொல்ற ஒடுக்கமான துடுப்புப் படகுல உக்கார வெச்சு வேணும்னே கவுத்து விடறாங்க. இடுப்பளவு தண்ணிதான், ரெண்டு பக்கமும் ஆள் நிக்கறாங்க, இருந்தும் எனக்கு நாக்கு ஒட்டிருச்சு. சொல்லிக் கொடுக்கற அண்ணன் நிதானமா சொன்னாரு: "கவுந்தா படகை விடாதீங்க, துடுப்பை விடாதீங்க, மல்லாக்க மிதங்க, ஜாக்கெட் பாத்துக்கும்." கவுந்தேன். காதுக்குள்ள தண்ணி, கண்ணு முழுக்க சேத்து நெறம், பொறகு ஜாக்கெட் என்னை மேல தூக்குச்சு பாருங்க, அப்படியே மல்லாக்கக் கெடந்து வானத்தைப் பாத்தேன். என்னை அறியாம அழுதுட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல, அண்ணன் சித்த நேரம் அப்படியே விட்டுட்டு, "இன்னொருக்கா பண்ணலாமுங்களா"ன்னு மட்டும் கேட்டாரு. அன்னைக்கு ஆறு தடவ கவுந்தேன்.

துடுப்பு போடறதுல எல்லாரும் பண்ற தப்பு கையால இழுக்கறது. அப்படி இழுத்தா கால் மணி நேரத்துல தோள் செத்துப் போகும், பெருவிரல் இடுக்குல கொப்புளம் வந்துரும். இடுப்புக்கு மேல ஒடம்பைத் திருப்பி, காலை ஊணிப் போடணும். அது எனக்குப் படிய ஒண்ணரை மாசம் ஆச்சு.

காத்து விஷயத்துல இவங்க கறார். ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துதான பல்லடம் உடுமலைப் பக்கம் காத்தாலையெல்லாம் சுத்த வைக்குது, அதே காத்து குளத்துல அலை கெளப்பி கயாக்கை எதிர்க்கரைக்குத் தள்ளிட்டுப் போயிரும். அந்த ரெண்டு மாசமும் காலைல ஏழரைக்குள்ள எல்லாரும் கரை ஏறிரணும். காசு கட்டி வந்தவங்க சண்டை போட்டு நானே பாத்திருக்கேன், அண்ணன் அசையல, பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிட்டாரு.

வெளியூர் போனதுல பரளிக்காடுதான் எனக்கு உசுரு. காரமடை, வெள்ளியங்காடு தாண்டி மலைக்குள்ள, பில்லூர் அணைத் தண்ணி தேங்கி நிக்கற எடம், கோயமுத்தூர்க்காரங்க குடிக்கற தண்ணிங்க அது. அங்க நடத்தறது வனத்துறையும் பழங்குடி ஊர் மக்களும்தான், சனி ஞாயிறுல, முன்கூட்டியே புக் பண்ணிரணும், க்ளப் வேலை அந்த புக்கிங்கும் வேனும் அவ்வளவுதான். பரிசலுக்கு முன்னாடி பின்னாடின்னு கிடையாது, ஒரு பக்கமா துடுப்புப் போட்டா பம்பரமா சுத்தும். ஓட்டுனவரு முன்னாடி குத்தவெச்சு உக்காந்து தண்ணிய தம்பக்கமா வளைச்சு வளைச்சு இழுக்கறாரு, பரிசல் நூல் புடிச்ச மாதிரி நேரா போகுது. ஒரு வருஷம் கயாக் பழகுன என்னால அந்தப் பரிசலைப் பத்தடி நேரா கொண்டு போக முடியல, பொறுமையா கையப் புடிச்சு சொல்லிக் கொடுத்தாரு. சத்தம் போட்டுப் பாட்டு வெக்கக் கூடாதுன்னு க்ளப்ல கெளம்பும்போதே சொல்லிருவாங்க, யானை தண்ணிக்கு எறங்கற எடம். மத்தியானம் ஊர்ப் பொம்பளைங்க சமைச்ச சாப்பாடு, களி உருண்டையும் கொழம்பும் அத்தனை ருசி. பொறகு கொஞ்சம் காட்டு நடை, ஆத்துல குளியல். என்ற பொண்ணுக்கு 13 வயசு, ஆத்துல எறங்கறதுக்கு முன்னாடி என்னைத் திரும்பிப் பாத்தா. "போ கண்ணு"ன்னு சொன்னேன்.

காட்டுப் பாதை நடையெல்லாம் இப்ப வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு வழியாத்தான் போறாங்க. 2024 அக்டோபர்ல 40 பாதையோட ஆரம்பிச்சது, ஆன்லைன்ல ஆளாளுக்குப் பேரு கொடுத்து புக் பண்ணணும், பயிற்சி எடுத்த அந்தப் பகுதி ஆளுங்களே வழிகாட்டியா கூட வருவாங்க. க்ளப்புக்கு இதுல கமிஷன் எதுவும் இல்ல. அனுமதி இல்லாம உள்ள கூட்டிட்டுப் போக ஆள் கெடைக்குதுங்கறது எல்லாருக்கும் தெரியும், இவங்க அந்தப் பேச்சையே எடுக்க விடறதில்ல. 2018 மார்ச்ல தேனிப் பக்கம் குரங்கணி மலைக்கு ஏறப் போனவங்க காட்டுத்தீல மாட்டுனது ஞாபகம் இருக்குதுங்களா, அதுல மாட்டுனவங்கள்ல நம்ம ஈரோடு திருப்பூர்ப் பக்கத்துப் பசங்களும் இருந்தாங்க. அந்த வருஷம்தான் மலையேத்தத்துக்குன்னு அரசு தனி விதிமுறை கொண்டு வந்துச்சு. வெயில் காலத்துல காட்டுத்தீக்காக பாதைய மூடுனா க்ளப்பும் மூடிரும், அந்த மாசங்கள்ல சென்னிமலைப் படியும் குளமும்தான். நான் போனது ஆழியாறு கால்வாய்க்கரை, லேசான வகை, மொதல் தடவைக்கு அதையே எடுங்க. டாப்ஸ்லிப் பண்டாரவரை போனவங்க அட்டைக்கடியோட வந்தாங்க, ஆனா எல்லாரும் மறுபடி போகணும்ங்கறாங்க.

இனி கொறை. பெருசா ரெண்டு. ஒண்ணு, ஆரம்பத்துல குளத்தங்கரைல பொம்பளைங்க ஈரத்துணி மாத்த மறைப்பே இல்ல, நனைஞ்ச சுடிதாரோட பஸ் ஏறி வந்திருக்கேன். ஆம்பளைங்களுக்கு அது தோணவே இல்ல, கேட்டாத்தான் தெரியுது. டீச்சரக்காவும் நானும் நாலு பேரு சேந்து மீட்டிங்ல எந்திரிச்சு சொன்னோம், அடுத்த மாசமே நின்னுட்டு மாத்தற மாதிரி ஒரு சின்ன டென்ட் வாங்கிட்டாங்க. நாப்கின், வலி மாத்திரை எல்லாம் இப்ப மருந்துப் பொட்டியிலயே இருக்குது, யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

ரெண்டாவது இன்னும் தீரல. ட்ரிப் அறிவிப்பு வாட்ஸாப்ல மத்தியானத்துல வருது, மொதல்ல கை தூக்குற 20 பேருக்கு எடம், பத்தே நிமிஷத்துல முடிஞ்சுருது. கம்பெனில லைன்ல நிக்கற பொண்ணுங்க ஃபோனை லாக்கர்ல வெச்சுட்டுப் போறாங்க, ஷிப்ட் முடிஞ்சு பாக்கறப்ப எடம் இருக்காது. எங்க கம்பெனில இருந்து சேந்த டெய்லர் பொண்ணு நாலு மாசமா ஒரு ட்ரிப்புக்கும் போக முடியல, சந்தா மட்டும் கட்டிட்டு இருக்குது. போற மூஞ்சிகளே திரும்பத் திரும்பப் போகுது. ராத்திரி எட்டு மணிக்கு அறிவிச்சு, இதுவரைக்கும் போகாதவங்களுக்கு பாதி எடம் ஒதுக்குங்கன்னு மூணு தடவ எழுதிக் கொடுத்துட்டேன், "பாக்கலாமுங்க்கா"ன்னே பதில் வருது.

சேரறவங்களுக்கு: புது ஷூ வாங்கிட்டு வராதீங்க, கால் பழகுன பழசே போதும். குளத்துக்கு ஜீன்ஸ் ஆகாது, நனைஞ்சா கல்லாட்டம் கனக்கும். காலைச் சாப்பாடு அவங்கவங்கதான், தூக்குப்போசில அரிசியும் பருப்பும் சாதம் நெய் ஊத்திக் கொண்டு போனா மலை மேல நாலு பேருக்குப் பங்கு போடலாம். நீச்சல் தெரியலைன்னு கூச்சப்பட்டுட்டு நிக்காதீங்க, அதுவும் பாரத்துல ஒரு கேள்விதான், எழுதிக் கொடுத்தா அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லித் தருவாங்க.

அஞ்சுக்கு நாலு கொடுக்கறேன். அந்த டெய்லர் பொண்ணு பரளிக்காடு போயிட்டு வர்ற அன்னைக்கு அஞ்சா மாத்திடறேன்.