தாடி ஐரிஸுக்குத் துணை: அல்லியமா, டேலில்லியா?

இதழில் தாடிபோல் இழைகள் கொண்ட பூச்செடி தாடி ஐரிஸ்; இங்கிலாந்துத் தோட்டங்களில் அது பூப்பது மே, ஜூனில். அதன் கிழங்கு மண்ணுக்கு மேலே பாதி தெரிய, வெயிலில் காய வேண்டும். நிழலும் ஈரமும் சேர்ந்தால் அழுகிவிடும். பக்கத்தில் நடும் துணைச்செடியை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

டேலில்லி, ஒவ்வொரு பூவும் ஒரு நாளே மலரும் செடி. அது பூப்பது ஐரிஸ் ஓய்ந்த பிறகு; பாத்தி வெறிச்சென்று இருக்காது. சரி, ஆனால் அதன் நீண்ட இலைகள் வளைந்து கிழங்கின் மேலேயே கவிந்துவிடும். கோடையில் தண்ணீரும் கேட்கும்.

அல்லியம் நம் வெங்காயத்தின் உறவு. இலையுதிர் காலத்தில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் புதைத்தால், ஐரிஸோடு சேர்ந்தே ஊதா உருண்டைகளாகப் பூக்கும். பூக்கும்போதே இலை வாடத் தொடங்கும், வெயிலை மறைக்காது. வாடிய இலையை ஐரிஸின் வாள் இலைகள் மறைத்துவிடுவது இன்னும் அழகு.

என் ஓட்டு அல்லியத்துக்கே. டேலில்லியும் வேண்டுமென்றால் இரண்டடி தள்ளி, ஐரிஸுக்கு வடக்கே வையுங்கள்; அங்கே வெயில் தெற்கிலிருந்து வருவதால் ஐரிஸின் மேல் நிழல் விழாது.