முடிஞ்சதா, நடக்குதா: நாள் கணக்கோடு பன்னிரண்டு வருஷம்

எனக்குச் சோறு போடுவது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஆனால் தையல், கட்டிங் எதுவும் எனக்குத் தெரியாது. 2013-லிருந்து ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து நான் பார்க்கிற வேலையில் பாதி, ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிப்பதுதான். ஆள் சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு, ஷிப்மென்ட்டுக்கு இன்னும் எத்தனை வேலை நாள் இருக்கு, எந்த பில்லுக்கு எந்தத் தேதிக்குள் பணம் போகணும். இதற்கு நான் வைத்திருக்கும் சாமான்கள் எப்படி உழைத்தன, எங்கே காலை வாரின என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

சாமான்கள் ரொம்ப இல்லை. விண்டோஸ் கால்குலேட்டரிலேயே தேதிக் கணக்குக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இடது பக்க மெனுவைத் திறக்காதவர்களுக்கு அது தெரியாது. இரண்டு தேதி கொடுத்தால் வருஷம், மாசம், வாரம், நாள் என்று பிரித்தும் சொல்லும், மொத்த நாளும் சொல்லும். அடுத்தது டைம் அண்ட் டேட் இணையதளம். மூன்றாவது எக்செல், போனில் இருக்கும்போது கூகுள் ஷீட்ஸ். இவ்வளவுதான். ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் வயசுக் கணக்கு ஆப்கள் நாலைந்து போட்டுப் பார்த்தேன். விளம்பரம் பார்த்து முடிப்பதற்குள் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விரல் என்றதும் ஒன்று சொல்லணும். அஞ்சு விரலுக்கு இடுக்கு நாலுதான். 1-ம் தேதியிலிருந்து 5-ம் தேதி வரை எத்தனை நாள் என்று கால்குலேட்டரைக் கேட்டால் நாலு என்கும். அது எண்ணுவது இடுக்கை. கூலி கொடுக்கிறவன் எண்ண வேண்டியது விரலை. டைம் அண்ட் டேட் தளத்தில் கடைசி நாளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, டிக் அடித்தால் ஒரு நாள் கூடும். கால்குலேட்டரில் அந்தப் பெட்டி இல்லை. அந்த ஒரு பெட்டிக்காகவே நான் முதலில் போவது அந்தத் தளத்துக்குத்தான்.

இந்த ஒரு நாளின் விலை எனக்குத் தெரிந்தது 2021 டிசம்பரில். ஓவர்லாக் மிஷினில் இருந்த அக்கா ஒருவர், மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லி வேலையை விட்டார். சேர்ந்தது 16.06.2014, திங்கள்கிழமை. நின்றது 16.12.2021, வியாழன். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கொடுக்கும் பணிக்கொடை, போடணும். அப்போது நடப்பில் இருந்த 1972-ம் வருஷத்துச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய மாசச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதை முடித்த வருஷங்களால் பெருக்க வேண்டும். மிச்சம் நிற்கும் மாசங்கள் ஆறுக்கு மேல் போனால் அதுவும் ஒரு முழு வருஷம். கவனிக்க வேண்டியது 'மேல்' என்ற சொல். சரியாக ஆறு மாசம் என்றால் கிடையாது.

நான் எக்செல்லில், இரண்டு தேதிக்கு நடுவே எவ்வளவு என்று சொல்லும் டேட்டிஃப் (DATEDIF) ஃபார்முலாவைப் போட்டேன். 7 வருஷம், 6 மாசம், 0 நாள் என்று வந்தது. அப்போ ஏழு வருஷம். அவருக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 13,000. வருஷத்துக்கு 7,500 வீதம் 52,500. வவுச்சர் எழுதி நீட்டினேன். அக்கா கையெழுத்துப் போடவில்லை.

"ஏனுங்க தம்பி, சேந்த அன்னிக்கும் மிசின்ல உக்காந்தேன். நின்ன அன்னிக்கும் சாயங்காலம் வரைக்கும் தெச்சுப்போட்டுத்தான் போனேன். இதுல எந்த நாளுங்க உங்க கணக்குல வராதது?"

என்னிடம் பதில் இல்லை. 16-ம் தேதி அவர் வேலை பார்த்த நாள், சம்பளமும் போட்டிருக்கிறோம். எக்செல் அந்த நாளின் வாசலோடு நின்றுவிட்டது. முடிவுத் தேதியோடு ஒன்றைக் கூட்டிப் போட்டேன்: 7 வருஷம், 6 மாசம், 1 நாள். ஆறு மாசத்துக்கு மேல். எட்டு வருஷம், 60,000 ரூபாய். அக்கா எக்செல்லைத் தொட்டதே கிடையாது. நான் எட்டு வருஷமாக அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி ஆபீசில் உட்கார்ந்து, அதற்கு முன் நான் போட்ட கணக்குகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, வேறு யாருக்கும் அந்த ஒரு நாள் வருஷத்தை மாற்றும் இடத்தில் விழவில்லை. அதிலிருந்து என் ஷீட்டில் நின்ற தேதிக்குப் பக்கத்தில் 'மறுநாள்' என்று ஒரு காலம் (column) உண்டு. கழித்தல் எல்லாம் அதிலிருந்துதான்.

டேட்டிஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடாத சொந்தக்காரர் மாதிரி அது. எக்செல்லில் ஃபார்முலா டைப் பண்ணத் தொடங்கினால் கீழே வரும் பட்டியலில் இருக்காது. ஆனால் பந்தி பரிமாறுவது முழுக்க அதுதான். எக்செல்லுக்கு முந்தைய ஸ்ப்ரெட்ஷீட்டான லோட்டஸ் 1-2-3 காலத்துக் கோப்புகளுக்காக வைத்திருப்பது. முழு வருஷத்துக்கு 'ஒய்', வருஷம் போக மிச்ச மாசத்துக்கு 'ஒய்எம்', மாசம் போக மிச்ச நாளுக்கு 'எம்டி'. முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மூன்றாவதை நம்பாதீர்கள், மைக்ரோசாஃப்டே அப்படித்தான் சொல்கிறது. 2023 ஜனவரி 31-லிருந்து மார்ச் 1 வரை 'எம்டி' போட்டுப் பாருங்கள், மைனஸ் 2 என்று வரும். ஒரு மாசமும் மைனஸ் இரண்டு நாளும்! மிச்ச நாள் வேண்டுமென்றால், ஈடேட் (EDATE) என்ற ஃபார்முலாவை வைத்து சேர்ந்த தேதியோடு முழு மாசங்களைக் கூட்டி, வந்த தேதியை முடிவுத் தேதியிலிருந்து கழித்துக்கொள்கிறேன். கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனால் மைனஸ் வராது.

கணக்குக்கு முன்னால் தேதியே தேதியாக இருக்கணுமே! நம் ஊர் ஆபீஸ்களில் புள்ளி வைத்துத்தான் தேதி எழுதுவோம், 16.06.2014 என்று. இந்தியா செட்டிங்கில் இருக்கும் எக்செல்லுக்கு அது தேதி இல்லை, வெறும் எழுத்து. கழிக்கச் சொன்னால் 'வேல்யூ' பிழை காட்டும். கண்டுபிடிப்பது சுலபம்: நிஜத் தேதி செல்லில் வலது பக்கம் ஒட்டி நிற்கும், போலித் தேதி இடது பக்கம். தேதி இருக்கும் காலத்தை (column) செலக்ட் பண்ணி, கன்ட்ரோல் ஹெச் கொடுத்து, புள்ளியை எடுத்துவிட்டுச் சின்னக் கோடு போட்டால் எல்லாம் வலது பக்கம் நகரும். முதல் தடவை அது நகர்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

எங்களிடம் சரக்கு வாங்கும் அமெரிக்க பையர் அனுப்பும் ஃபைல் இதைவிட மோசம். அவர்கள் மாசத்தை முன்னால் போடுவார்கள். அந்த சிஎஸ்வி ஃபைலை இங்கே திறந்தால், நாள் 12-க்குள் இருக்கும் வரிகள் சத்தமில்லாமல் நாளும் மாசமும் இடம் மாறி வலது பக்கம் நிற்கும். 12-க்கு மேல் இருப்பவை புரியாமல் இடது பக்கம் நிற்கும். பாதி வரிகள் தப்பு, ஆனால் பார்க்கச் சரியாகத் தெரியும். மீதிப் பாதி சரி, பார்க்கத் தப்பு மாதிரி தெரியும். ஏப்ரல் 5 அன்று கம்பெனியை விட்டு வெளியேற வேண்டிய சரக்கை மே 4 என்று படித்து, ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்த கதை உண்டு. அந்த சரக்கு கப்பலில் போகவில்லை, விமானத்தில் போனது. விமானச் செலவு யார் தலையில் என்று கேட்காதீர்கள். இப்போது யாருக்கு மெயில் போட்டாலும் மாசத்தை எழுத்தில்தான் எழுதுகிறோம்.

வேலை நாள் எண்ண எக்செல்லில் இருக்கும் ஃபார்முலா நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS). இதில் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. தேதியைத் தேதியால் கழித்தால் ஒரு முனையை விட்டுவிடும் இதே எக்செல், நெட்வொர்க்டேஸில் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணும். ஒரே கடையில் இரண்டு தராசு. அதோடு சனிக்கிழமையும் லீவு என்று அதுவாகவே முடிவு பண்ணிக்கொள்ளும். திருப்பூரில் ஏது சனிக்கிழமை லீவு? அதற்கு 'இன்டல்' என்று வால் வைத்த இன்னொன்று இருக்கிறது. அதில் 11 என்று கொடுத்தால் ஞாயிறு மட்டும் கழியும். விடுமுறைப் பட்டியலைத் தனியாகக் கொடுக்கணும். கொடுத்த இடத்தை டாலர் குறி போட்டுப் பூட்டணும். இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்க இழுக்க பட்டியலும் ஒவ்வொரு வரியாக நழுவி, முதலில் பொங்கல் காணாமல் போகும், அப்புறம் குடியரசு தினம்.

சட்டப்படி தமிழ்நாட்டில் தொழிற்சாலைக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவை போக பண்டிகை நாள் ஐந்து. பட்டியலில் ஒன்பது தேதி போட்டால் எக்செல் திருப்தியாகிவிடும். ஆனால் தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன தையல் லைன் ஆட்கள், லீவு முடிந்த மறுநாளே முழுசாகத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அதனால் என் பட்டியலில் தீபாவளிக்குப் பின்னால் ஒரு வாரத்தையும் விடுமுறை என்றே போட்டுவைத்திருக்கிறேன். முதலாளி அந்த ஷீட்டைப் பார்த்து முறைத்தார். டெலிவரி தேதி சரியாக வந்தபிறகு ஒன்றும் சொல்லவில்லை.

2024 மார்ச்சில் இன்னொரு கூத்து. சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. தாமதமானால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருஷம் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம் என்பது அந்த நிதியாண்டில்தான் வந்தது. ஊர் முழுக்க நிட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க் பில்களைக் கையில் வைத்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 14 அன்று ஏற்றுக்கொண்ட சரக்குக்கு என் பக்கத்து சீட்டுக்காரர் மனக்கணக்காக மார்ச் 31 என்றார். 2024-ல் பிப்ரவரிக்கு 29 நாள். கெடு முடிவது மார்ச் 30, சனிக்கிழமை, 31 ஞாயிறு. இந்த மாதிரி இடத்தில் நான் எதையும் தேடிப் போவதில்லை. செல்லில் தேதியைப் போட்டு, கூட்டல் 45, என்டர்.

லீப் வருஷம் என்றதும், எக்செல்லில் ஒரு வேடிக்கை. காலியான செல்லில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றினால் 29 பிப்ரவரி 1900 என்று காட்டும். அப்படி ஒரு நாளே கிடையாது. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப். லோட்டஸில் இருந்த தப்பு, கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே கொண்டுவந்தது. பழைய மேக் ஃபைல் என்றால் எண்ணிக்கை 1904-ல் தொடங்கும். அதிலிருந்து காப்பி பண்ணி ஒட்டினால் தேதியெல்லாம் 1,462 நாள், அதாவது நாலு வருஷமும் ஒரு நாளும், தள்ளி நிற்கலாம். எனக்கு ஒரே ஒரு தடவை நடந்தது, அரை நாள் போனது.

வீட்டுக் கணக்கு வேறு மாதிரி. என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது டாக்டர் சீட்டில் கடைசி மாதவிடாய் 10 ஆகஸ்ட் 2018, பிரசவத் தேதி 17 மே 2019 என்று எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன், சரியாக 280 நாள். ஒன்பது மாசம், ஏழு நாள். என் மாமியாரோ பத்து மாசம் என்பார். 28 நாளுக்கு ஒரு மாசம் என்றால் அதுவும் 280-தான். வளைகாப்புக்கு ஏழாம் மாசம் என்று அவர் சொன்னதும் நான் எக்செல்லைத் திறந்து "இன்னும் ஏழு மாசம் ஆகலையே அத்தை" என்றேன். "ஆறு முடிஞ்சு ஏழு நடக்குதுங்க மாப்ள" என்றார். நம் பேச்சிலேயே இரண்டு எண்ணும் இருக்கிறது: முடிஞ்சது ஒன்று, நடக்குறது ஒன்று. டேட்டிஃபுக்குத் தெரிந்தது முடிஞ்சது மட்டும். ஜாதகக்காரர் கேட்பதும், ஸ்கூல் ஃபாரம் கேட்பதும் ஒரே வயசு இல்லை. இப்போதெல்லாம் யார் எத்தனை நாள், எத்தனை மாசம் என்று கேட்டாலும், கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதற்கு முன்னால் "முடிஞ்சதா, நடக்குறதா?" என்று கேட்டுவிடுகிறேன்.

கேட்காமல் விட்ட ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை பெரியப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கும் பொறுப்பு எனக்கு. போனில் 7-ம் தேதியோடு 16 நாளைக் கூட்டினேன். 23, ஞாயிறு. மறுநாள் தீபாவளி, எல்லோரும் எப்படியும் ஊரில் இருப்பார்கள், தோதாக அமைந்துவிட்டது என்று நினைத்து அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். பத்திரிகை வந்ததும் பெரியம்மா கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வலது கையை விரித்து, கட்டை விரலால் சுண்டு விரலின் அடியிலிருந்து எண்ண ஆரம்பித்தார். விரலுக்கு நாலு, நாலு விரலுக்குப் பதினாறு. வெள்ளிக்கிழமையில் தொடங்கி ஆள்காட்டி விரல் நுனியில் வந்து நின்றது சனிக்கிழமை.

"சனிக்கெழம, இருவத்திரெண்டு. அவரு போன அன்னிக்கே ஒண்ணு ஆயிப்போச்சு கண்ணு."

அறுபது பத்திரிகையிலும் பேனாவால் அடித்துத் திருத்தினேன்.