மின்கட்டமைப்பு இணைப்பு வருமுன் இயக்கிய சூரிய மின் அமைப்பு: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சோலார் பலகைகள் கூரையில் ஏறி, இன்வெர்ட்டரும் பேட்டரியும் சுவரில் பொருத்தப்பட்ட பிறகும், இணைப்பு அனுமதியும் இருவழி மீட்டரும் தாமதமானதால், எங்கள் 5 கிலோவாட் அமைப்பு முதல் சில மாதங்கள் மின்கட்டமைப்பின் துணையின்றியே இயங்கியது. இப்போது இணைப்போடும் நெடுநாள் ஓடிவிட்டது. இணைப்புக்காகக் காத்திராமல் இயக்கத் தொடங்கியது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் அந்த இடைக்காலத்திலும் அதை முழுமையான தனி மின்நிலையமாகக் கருதி அமைத்திருக்க வேண்டும்.

இது எல்லா இன்வெர்ட்டராலும் ஆகாது. பேட்டரியில்லாத சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தன் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் மின்கட்டமைப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. லைன் உயிரிழந்தால் 2 விநாடிக்குள் அது உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்பது மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ-யின் 1547 தரநிலை விதி. லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. ஜெனரேட்டரைக் காட்டி அந்த இன்வெர்ட்டரை இயக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். சுமை குறைந்ததும் மிஞ்சும் சூரிய மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே பாயும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். எங்களுடையது மின்கட்டமைப்பு இல்லாதபோதும் தானே மின்சாரம் தரும் பேக்கப் வெளியீடு கொண்ட ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியுடன்.

பலகைப் பக்கத்துச் சோதனைகளுக்கு மின்கட்டமைப்பு தேவையே இல்லை. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் (தொடராக இணைத்த பலகை வரிசையின்) துருவ முனைகள், திறந்த சுற்று மின்னழுத்தம், மெக்கர் என்ற சோதனைக் கருவியால் அளக்கும் காப்புத்தடை (குறைந்தது 1 மெகா ஓம்) ஆகியவற்றை முதலிலேயே முடித்துவிடலாம்.

அதிகக் கவனம் கேட்டது நியூட்ரல்–எர்த் பிணைப்புதான். வழக்கமான இணைப்புகள் பலவற்றில் நியூட்ரல் எர்த்துடன் பிணைக்கப்படுவது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலோ வீட்டுக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலோதான்; அந்த இணைப்பு இல்லாதபோது இன்வெர்ட்டரின் வெளியீடு எர்த்தோடு எந்தத் தொடர்புமின்றி மிதக்கிறது, கசியும் மின்சாரம் திரும்பிவர வழியில்லாததால் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் சுற்றைத் துண்டிக்கும் சாதனம்) விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழத்தான் செய்யும், ஏனெனில் அந்தப் பொத்தான் எர்த்தைப் பயன்படுத்துவதே இல்லை. ஆகவே பொத்தான் வேலை செய்வதை வைத்துப் பாதுகாப்பு இருக்கிறதென்று முடிவுகட்ட முடியாது. பேக்கப் நிலையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளந்து அது சுழியத்தை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஆர்சிசிபி சோதனைக் கருவியாலும் உறுதிசெய்ய வேண்டும். சில இன்வெர்ட்டர்களில் இந்தப் பிணைப்புக்கான ரிலே உள்ளேயே இருக்கும். அமைப்புப் பட்டியலில் அதை இயக்கிவிட்டால் போதும்.

அன்றாடப் பயன்பாட்டில், நண்பகலில் உற்பத்தி திடீரெனச் சரிவதைக் கண்டு முதலில் பலகைகளைச் சந்தேகிக்கத் தோன்றும். பேட்டரி நிரம்பி, வீட்டுச் சுமையும் குறைவாக இருந்தால் இன்வெர்ட்டர் பலகைகளை அவற்றின் உச்சத்திறன் புள்ளியிலிருந்து விலக்கிவிடுகிறது, அவ்வளவுதான். நீரேற்று மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றை அந்த நேரத்துக்கு மாற்றினோம், அதுவும் ஒன்று ஓடத் தொடங்கிய பின்னரே அடுத்தது என்ற வரிசையில். நேரடியாகத் தொடங்கும் மோட்டார் தொடக்கத்தில் ஓட்ட மின்சாரத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும், அதைத் தாங்கித் தர அப்போது வெளியே மின்கட்டமைப்பு இல்லை.

பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடவில்லை. பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொண்டால், சில ஹைப்ரிட் இன்வெர்ட்டர்கள் காலையில் வெயில் இருந்தும் தாமாக எழுவதில்லை. வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அவ்வப்போது முழுமையாக நிரப்பவும் வேண்டும்: செல்கள் சமன்படுவதும், சதவீதக் கணக்கு திருத்தப்படுவதும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான்.

இணைப்பு வரும்வரை இன்வெர்ட்டரின் கிரிட் முனைகளில் கம்பி எதையும் மாட்டாமல், அந்தப் பக்கத்து ஐசோலேட்டரை (துண்டிப்பு ஸ்விட்சை) அணைத்துப் பூட்டி எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டிருந்தோம். அந்தக் கட்டத்தில் சோதிக்க முடியாதவையும் உண்டு: மின்கட்டமைப்பு விதிக்குரிய அமைப்பு, தானாகத் துண்டிக்கும் சோதனை, ஏற்றுமதி வரம்பு (மின்கட்டமைப்புக்கு அனுப்பும் மின்சாரத்தின் அளவு), மின்னோட்ட உணரியின் திசை. உணரி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால் உள்ளே வரும் மின்சாரத்தை வெளியே போவதாகக் கணக்கிட்டு அமைப்பு தாறுமாறாக நடந்துகொள்ளும். இதனால்தான் நிறைவுச் சான்றிதழை இரு பகுதிகளாகக் கேட்டு வாங்கினேன். உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதையும் எழுத்தில் பெற்றேன்.

இணைப்பு வந்த நாளில் இவற்றை முடித்ததோடு, கட்டமைப்போடு இணைந்திருக்கும்போது நியூட்ரல்–எர்த் ரிலே திறந்துகொள்கிறதா என்பதையும் அளந்து பார்த்தோம். இப்போது மின்தடை ஏற்பட்டாலும் முக்கியச் சுற்றுகள் அணைவதில்லை. மின்சாரம் திரும்பியபின் இன்வெர்ட்டர் சில நிமிடங்கள் அதைக் கண்காணித்துவிட்டே மீண்டும் இணைகிறது. அந்த 20 சதவீத இருப்பை மட்டும் நான் இன்னும் மாற்றவில்லை.