ஜூம் கேமராவா, பைனாகுலரா? ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

போன கார்த்திகையில் என் ஜூம் கேமராவை விற்றுவிட்டேன். நான்கு வருடம் அது தொங்கிய கழுத்தில் இப்போது 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.) தொங்குகிறது. புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான்: கையிலிருக்கும் காசுக்கு முதலில் எதை வாங்குவது? நான் வரிசையை மாற்றி வாங்கிச் சூடு பட்டவன். அதனால் பைனாகுலர் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன், நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜூம் கேமரா என்று நான் சொல்வது லென்ஸைக் கழற்ற முடியாத ரகம். பட்டனைத் தள்ளினால் மூக்கு நீளுமே, அது. 2015-ல் நிக்கான் பி900 வந்தபோது 83 மடங்கு ஜூம் என்றதும் ஊரே நிலாவைப் படம் எடுத்தது. 2018-ல் வந்த பி1000-இல் அது 125 மடங்கு ஆனது, எடையும் 1.4 கிலோவைத் தொட்டது. என்னிடம் இருந்தது வேறொரு கம்பெனியுடையது, ஆனால் அதே ரகம். லென்ஸ் மாற்றும் கேமராவும் முழங்கை நீள லென்ஸும் தனிக் கணக்கு. நண்பர்களுடையதை ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்ததோடு சரி, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கேமரா படம் தரும், பைனாகுலர் தராது. கேமராவுக்கு பேட்டரி வேண்டும், பைனாகுலருக்கு வேண்டாம். 8×42 பைனாகுலர்கள் பெரும்பாலும் முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும், கேமரா அதைவிடக் கனம். விலையிலும் கேமராதான் மேலே நிற்கும். சரி, அடுத்தது.

பறவையைக் கண்டுபிடிப்பதிலிருந்து வித்தியாசம் தொடங்குகிறது. பி900 மாதிரி 2000 மி.மீ. லென்ஸுக்கு நிகரான முழு ஜூமில் கேமரா காட்டும் இடத்தின் அகலம், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெறும் 18 மீட்டர். அதே தூரத்தில் ஒரு சாதாரண 8×42 பைனாகுலர் ஏறக்குறைய 110-லிருந்து 140 மீட்டர் வரை காட்டும். பள்ளிக்கரணையில் கோரைக்கு நடுவில் ஒரு நீலத் தாழைக்கோழி தலையைத் தூக்கிவிட்டுக் குனிகிறது என்று வையுங்கள். கேமராவில் அதைத் தேடுவது சாவித்துவாரத்தில் கண் வைத்துத் தேர் பார்க்கிற மாதிரி. கோரை, கோரை, இன்னும் கோரை. ஜூமைக் குறைத்து, இடத்தைப் பிடித்து, மறுபடி கூட்டுவதற்குள் கோழி உள்ளே போயிருக்கும். பைனாகுலரில் பறவையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். பறக்கும் பூனைப்பருந்து என்றால் சொல்லவே வேண்டாம். கேமராவின் குட்டித் திரை ஒரு கணம் தாமதமாகத்தான் காட்டும், அந்தக் கணத்தில் பருந்து சட்டத்துக்கு வெளியே இருக்கும்.

வெளிச்சமும் அப்படித்தான். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையில். இந்த வகைக் கேமராவில் ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, முழு ஜூமில் லென்ஸும் குறைந்த ஒளியையே உள்ளே விடும். ஆறு மணிக்கு எடுத்த படமெல்லாம் ரவையைத் தூவியது போல் இருக்கும். 8×42-இல் 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 மி.மீ. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி விரிகிற அளவுக்கு ஏறக்குறையச் சரியாக வரும். வெறும் கண்ணுக்குக் கறுப்பு உருவமாகத் தெரிகிற வக்கா, பைனாகுலரில் சிவந்த கண்ணோடு தெரியும்.

ஆனால் இவையெல்லாம் பழகினால் சமாளிக்கக்கூடிய குறைகள். நான்கு வருடத்தில் நானும் ஓரளவு பழகியிருந்தேன். விற்கவைத்த காரணம் வேறு: பராமரிப்பு.

இரண்டாவது வருடம், வேடந்தாங்கலில் எடுத்த படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூழைக்கடா ஒன்று இறக்கையை மடக்காமல் மிதந்து இறங்குகிற படம், நல்ல நீல வானம். இடது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. தூரத்தில் ஏதோ பருந்து என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுத்த படத்திலும் அதே பருந்து, அதே மூலையில். நாரை படத்திலும், மறுநாள் மொட்டைமாடியில் எடுத்த காக்கை படத்திலும் அதே பருந்து. அப்புறம்தான் புரிந்தது, அது சென்சார்மேல் உட்கார்ந்திருக்கும் தூசி.

லென்ஸ் கழற்றும் கேமரா என்றால் ஊதுபந்தை எடுத்து நாமே இரண்டு ஊது ஊதிவிடலாம். இதில் வழியே கிடையாது, சென்சார் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. தூசி எப்படி உள்ளே போனது? அந்த மூக்கு ஒவ்வொரு முறை நீளும்போதும் உள்ளே இடம் பெருகுகிறது, பெருகும் இடத்தை நிரப்ப வெளிக்காற்று இடுக்குகள் வழியாக இழுபடுகிறது. சைக்கிள் பம்பு மாதிரிதான். ஏரிக்கரைப் புழுதியும், பழவேற்காட்டு உப்புக்காற்றும், மழைக்கால ஈரமும் ஒரு நாளைக்கு நூறு தடவை உள்ளே போய்வருகின்றன. எந்தக் கம்பெனி செய்தாலும், மூடி அடைக்காத நீளும் லென்ஸுக்கு இதிலிருந்து முழுதாகத் தப்பிக்க வழியில்லை.

பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “சார், தூசி சின்ன விஷயம். உள்ளே பூஞ்சை ஆரம்பிச்சிருக்கு, பாருங்க” என்று டார்ச்சை அடித்துக் காட்டினார். முன்கண்ணாடிக்குப் பின்னால், ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வெள்ளைக் கிளைகள் உள்நோக்கிப் படர்ந்திருந்தன. மொத்த லென்ஸையும் பிரிக்க வேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கொடுத்த பணத்தைச் சொன்னால் வீட்டில் இன்னும் சண்டை வரும். ஆறு மாதத்தில் புது இடத்தில் புதுப் பருந்து.

பூஞ்சைக்குச் சென்னை மாமியார் வீடு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். லென்ஸ் நீண்ட நாள் 70-க்கு மேல் இருந்தால் பூஞ்சை கிளம்ப அது போதும். நம் பறவைப் பருவமும் சரியாக அப்போதுதான் தொடங்குகிறது. மழை விட்டதும் ஓடுகிறோம், ஈரத்தோடு திரும்புகிறோம், அலுப்பில் கேமராவை அதன் பையிலேயே வைத்து அலமாரியில் தள்ளுகிறோம். மெத்தென்ற அந்தப் பைதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் முதல் எதிரி. பையை ஒழித்துவிட்டு, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றையும் வாங்கினேன். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுவேன். (அது தனி வாணலி. சமையலுக்குத் திரும்பாது.) மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை வறுக்க வேண்டியிருந்தது. உளுத்தம்பருப்பைக்கூட நான் அவ்வளவு பக்குவமாக வறுத்ததில்லை.

பைனாகுலர் இந்த இடத்தில்தான் என்னை வளைத்துப்போட்டது. நடுத்தர விலையிலேயே உள்ளே நைட்ரஜன் நிரப்பி, ரப்பர் வளையம் போட்டு அடைத்த மாடல்கள் கிடைக்கின்றன. ஃபோகஸ் சக்கரத்தைச் சுற்றினால் அசைவதெல்லாம் உள்ளேயே அசையும், வெளியே எதுவும் நீளாது, காற்றை இழுக்காது. உள்ளே ஈரமும் இல்லை, தூசியும் இல்லை. வெளிக்கண்ணாடியில் பூஞ்சை வரலாம்தான், ஆனால் அது கைக்கு எட்டும் இடம். ஊதுபந்தால் மண்ணை ஊதிவிட்டு லென்ஸ் துணியால் துடைத்தால் போதும். சட்டை முனையால் துடைக்காதீர்கள், மணல் கீறிவிடும். என்னுடையது தொடர்மழையில் நனைந்திருக்கிறது, தெளிந்துதான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது இரண்டாவது மழைக்காலம்தான். அந்த ரப்பர் வளையம் பத்து வருடம் தாங்குமா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

எல்லா பைனாகுலருக்கும் இது பொருந்தாது. விலை குறைந்த, அடைப்பு இல்லாத ரகங்களில் உள்கண்ணாடியிலேயே பூஞ்சை பிடிக்கும், பிரிப்பது கேமராவைப் போலவே தலைவலி. மாமனார் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பைனாகுலரில் பார்த்தால் மார்கழிப் பனியில் பார்ப்பது போலிருக்கும், சித்திரை வெயிலிலும்! ஆக, வாங்கும்போது ‘வாட்டர்புரூஃப்’, ‘நைட்ரஜன்’ இரண்டு சொல்லும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். 10,000-லிருந்து 20,000 ரூபாய்க்குள் நான் பார்த்தவற்றில் பலவற்றில் இருந்தது.

விற்கும்போதும் இதே கதைதான். கேமராவுக்கு நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அதுவும் பூஞ்சையைப் பற்றி வாங்கியவரிடம் வாயைத் திறந்து சொன்ன பிறகு. புது மாடல் வந்தால் மதிப்பு இறங்கும் சாமான் அது. பைனாகுலரில் அடுத்த வருடம் என்ன பெரிய புதுமை வந்துவிடப்போகிறது?

கேமராவுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுகிறேன். அடையாளம் காண்பதில், அதுவும் கரையோரப் பறவைகளில், அது கெட்டிக்காரன். கோடியக்கரையில் சேற்றில் ஓடுகிற நூறு உள்ளான்களில் எது எது என்று புதியவர் கண்ணால் பிரிப்பது கடினம். பச்சைக்காலியின் அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அதே சாயலில் அதைவிடச் சின்னதாக, ஊசி போல நேரான அலகோடு இன்னொன்று பக்கத்திலேயே மேயும். படம் எடுத்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பிரிக்கலாம். பறவை பார்ப்பவர்கள் பதிவு போடும் ஈபேர்ட் இணையதளத்தில் அபூர்வமான பறவையைப் பதிவிட்டால் சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்பார். 2015-லிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் படத்தோடு வரும் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. நான் இப்போது கேமரா இல்லாமல் சிலதைப் பதிவிடாமலே விடுகிறேன், அது வருத்தம்தான். படம் எடுப்பதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கேமராவே வாங்குங்கள். கூடவே டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்.

போகிற இடத்தைப் பொறுத்தும் மாறும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். அங்கே எதுவும் இல்லாமல் நின்றாலே போதும், தலைக்கு ஒரு தொப்பி தவிர. வேடந்தாங்கலில் கூடுகள் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில், நாம் கரைமேல். அங்கே பைனாகுலர் இல்லாதவர் வெள்ளைப் புள்ளிகளை எண்ணிவிட்டுத் திரும்புவார். வேட்டைக்காரர்களிடமிருந்து தங்கள் ஏரியைக் காக்க 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய ஊர் அது. கரையோரம் வேர்க்கடலை விற்கும் ஒரு பாட்டி போன தையில் என்னிடம், “கண்ணு, அத்தக் கொஞ்சம் குடு, பாக்குறேன்” என்று கேட்டு வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார், சரியாகத் திருப்பிப் பிடிக்கவைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அந்தக் குஞ்சு ஆத்தா வாய்க்குள்ளயே தலைய விடுது பாரு” என்றார். கூழைக்கடாக் குஞ்சுதான், அப்படித்தான் இரை எடுக்கும். கேமராத் திரையை இப்படி மாற்றி மாற்றிப் பார்க்க முடிந்ததில்லை. வெயிலில் திரை தெரியாது, கை மாறினால் பறவை தொலையும்.

எட்டா, பத்தா என்றும் கேட்பார்கள். நண்பரின் 10×42-ஐ ஒரு வார இறுதி முழுக்க வைத்திருந்தேன். ஏரிக்கு நன்றாக இருந்தது, ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரிந்தது. காட்டுக்குள் கிளைக்குக் கிளை தாவும் சிட்டுகளுக்கு எட்டே மேல் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நான் வால்பாறைக்கு இரண்டு தடவை போனதோடு சரி, அவர்கள் பேச்சை நம்பி விட்டுவிட்டேன். கண்ணாடி போடுகிறவர்கள் மட்டும், கண்ணுக்கும் பைனாகுலருக்கும் இருக்க வேண்டிய இடைவெளி 15 மி.மீ.க்குக் குறையாத மாடலாகப் பாருங்கள். இல்லாவிட்டால் காட்சியின் ஓரமெல்லாம் கறுத்துத் தெரியும்.

பழையதை வாங்குவதாக இருந்தால் டார்ச்சோடு போங்கள். பைனாகுலரின் பெரிய கண்ணாடிப் பக்கம் வெளிச்சம் அடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். கேமரா என்றால் முழு ஜூமில் வெறும் வானத்தை மூன்று படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். மூன்றிலும் ஒரே மூலையில் ஒரு பருந்து பறந்தால், விலை கேட்காமல் வந்துவிடுங்கள்.