விமானத் தகடுகளுக்குப் பிரைமர் அடிக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரைக்குத் தெற்கே இயங்கும் ஒரு பவுடர் கோட்டிங் (பொடி வண்ணத்தைத் தூவிச் சூளையில் உருக்கிப் படியவைக்கும்) பட்டறையில், நான் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தின் இறக்கை ரிப்களையும் (இறக்கைக்கு வடிவம் தரும் உள் சட்டங்கள்) வால் பகுதித் தகடுகளையும் சுத்தம் செய்து, அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடிக்கக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தவற்றில் ஒன்றுகூட விமானத்தில் பொருத்தத் தகுதியுடையதாக இல்லை. செய்யாத வேலைக்கும் கட்டணம் வாங்கியிருந்தார்கள். இந்த வட்டாரத்தில் விமானமோ மைக்ரோலைட் எனும் மிக இலேசான சிறு விமானமோ கட்டுகிறவர்கள் மிகச் சிலரே என்றாலும், அவர்களில் ஒருவருக்கும் இந்த இழப்பு நேரக்கூடாது என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

கொடுத்த பாகங்கள் 2024-டி3 என்ற அலுமினியக் கலவையில் ஆனவை. இதில் சேரும் செம்பு வலிமையைக் கூட்டுகிறது, ஆனால் அரிப்பைத் தாங்கும் திறனைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் தகட்டின் இரு பக்கமும் ஏறக்குறையத் தூய அலுமினியத்தை மெல்லிய உறையாகச் சேர்த்து உருட்டுகிறார்கள். அல்கிளாட் எனப்படுவது இதுவே. மெல்லிய தகடுகளில் இவ்வுறை ஒவ்வொரு பக்கமும் மொத்தக் கனத்தில் 5 சதவீதம் அளவுக்கே இருக்கும். என்னுடைய ரிப்கள் 0.635 மில்லிமீட்டர் தகட்டை மர அச்சில் வைத்துத் தட்டி மடித்தவை என்பதால், அவற்றைக் காக்கும் உறையின் கனம் ஒரு பக்கத்துக்கு 0.03 மில்லிமீட்டர் மட்டுமே.

இந்த உறைக்குப் பங்கம் வராத வேலைமுறையைத் தமிழில் எழுதி, உரிமையாளரிடம் படித்துக் காட்டி, நகலில் கையெழுத்தும் வாங்கினேன். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பானால் நீக்க வேண்டும். அரக்கு நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரால் இலேசாக மட்டும் தேய்க்க வேண்டும். கம்பளிபோல் வரும் இரும்புச் சுருளோ இரும்புத் தூரிகையோ கூடாது, ஏனெனில் அவை விட்டுச்செல்லும் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் அரிப்பைத் தொடங்கிவைக்கும். பிறகு பாஸ்பாரிக் அமிலக் கழுவல், தண்ணீரில் அலசல், பொன்னிறம் வரும்வரை சில நிமிடங்கள் அலோடைன் என்ற, அரிப்பைத் தடுக்கும் குரோமேட் இரசாயனப் பூச்சு, மறுபடி அலசல், உலர்ந்ததும் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். புறநகரின் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால், கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரையும், பிரைமரையும் அதில் கலந்து இறுகவைக்கும் ஹார்டனரையும் நானே வாங்கிக் கொடுத்தேன். "கதவு, ஜன்னல் செக்‌ஷன்னு அலுமினியம்தான் சார் எங்களுக்குத் தினமும். குரோமேட்டிங்கும் இங்கேயே இருக்கு, நீங்க கவலையே படாதீங்க" என்றார் உரிமையாளர்.

அங்கே இருந்தது இரும்புக்கான ஏழு தொட்டி வரிசை. முதல் தொட்டியில் காஸ்டிக் சோடா கலந்த பிசுக்கு நீக்கி. அலசிய பின் துரு நீக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதற்குப் பின் பாஸ்பேட். கேட்டுக்கும் கிரில்லுக்கும் இவை பொருத்தமானவை. அலுமினியத்தையோ காஸ்டிக் சோடா நுரை கிளம்பக் கரைத்துவிடும்; அமிலத்தின் குளோரைடு ஊசி முனை அளவுக் குழிகளைத் தோண்டும். என் ரிப்களைக் கேட் கம்பிகளோடு சேர்த்தே தொங்கவிட்டதாக அங்கு வேலை செய்யும் ஒருவர் பின்னர் மனம் பொறுக்காமல் சொன்னார். வால் தகடுகளுக்குப் பிடிமானம் வேண்டும் என்று, துருப்பிடித்த இரும்பை உரித்த அதே மணலை அழுத்தக் காற்றில் அடித்திருக்கிறார்கள். மணல் மோதும் பக்கம் மட்டும் விரிவதால் மெல்லிய தகடு வளைந்துவிடும். என் தகடுகள் அலையலையாக நெளிந்திருந்தன.

இவற்றைவிடக் கவலை தந்தது சூளை. சீக்கிரம் உலர வேண்டும் என்று எல்லாப் பாகங்களையும் பவுடர் கோட்டிங் சூளையில் வைத்தார்களாம். அங்கே வெப்பம் வழக்கமாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை செல்லும். டி3 என்பது வெப்பத்தில் பதப்படுத்தி, குளிர்நிலையில் உருட்டியோ நீட்டியோ, பின் அறை வெப்பநிலையிலேயே முதிர்ந்த நிலை. அதை இவ்வளவு சூட்டில் சிறிது நேரம் வைத்தாலும் உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளை ஒட்டி அரிக்கும் போக்கு கூடக்கூடும். கடினத்தன்மையையும் மின்கடத்தும் திறனையும் அளந்தால்தான் இந்த மாற்றம் தெரியும்; பார்வைக்குத் தகடு நன்றாகவே இருக்கும்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது நிறத்தால். நான் கொடுத்த பிரைமர் மஞ்சள் கலந்த பச்சை, வந்ததோ சாம்பல். நன்கு இறுகிய எபாக்ஸியைத் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தாலும் எளிதில் கரையாது. இது நாலைந்து தேய்ப்பிலேயே துணியோடு வந்தது. உள்ளே பொன்னிறத்தின் சுவடே இல்லை. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது மங்கிய பரப்பெங்கும் குழிகள். அதே தகட்டிலிருந்து வெட்டி மீந்த துண்டு மைக்ரோமீட்டரில் 0.63 காட்ட, ரிப் 0.57 காட்டியது. இரு பக்க உறையும் போய்விட்டது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

"மேல பெயின்ட் அடிச்சா எல்லாம் மறைஞ்சிரும் சார்" என்பதுதான் உரிமையாளரின் பதில். மறைந்துவிடும் என்பதே என் அச்சம். ரிப்பும் மேல்தகடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ரிவெட் அடித்த பிறகு, அந்த இடுக்கை யாரும் திறந்து பார்க்க முடியாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 பறந்துகொண்டிருந்தபோதே அதன் கூரை பிய்ந்துபோனதும், பணிப்பெண் ஒருவர் உயிரிழந்ததும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் பசை விட்டு, அரிப்பு ஏறி, ரிவெட் வரிசையில் வெடிப்புகள் வளர்ந்ததன் விளைவு. எங்கள் சிறு விமானத்தின் இணைப்புகளும் அந்த விதிக்கு விலக்கானவை அல்ல.

பில்லில் குரோமேட்டிங்குக்குத் தனித் தொகை போட்டிருந்தார்கள். நான் கொடுத்த பிரைமர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வந்தது. பில், கையெழுத்திட்ட நகல், படங்கள், மீந்த துண்டுகள் ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயாராகிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கெட்ட பாகங்களை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி வழக்கு முடிந்ததும் துண்டு துண்டாக வெட்டிவிடுவேன்.

வெளியே வேலை கொடுப்பவர்கள் முதலில் தொட்டிகளின் பெயர்களைக் கேளுங்கள். துரு நீக்கும் அமிலம் அந்த வரிசையில் இருந்தால் பாகங்களை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம். ஒரே நாளில் முடியும் அளவுக்குக் கொடுத்து, முடியும்வரை அருகிலேயே இருங்கள். அமிலக் கழுவலுக்குப் பின் தகட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக நிற்கிறதா என்று பாருங்கள். திரண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை. வீட்டிலேயே அலோடைன் பூசுகிறவர்கள், அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் கையுறையும் உரிய முகக்கவசமும் இல்லாமல் தொட வேண்டாம். கழிவைச் சாக்கடையிலோ கண்மாய் வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். இதுபோன்ற பட்டறையில் ஏற்கெனவே வேலை முடித்து வாங்கி வைத்திருப்பவர்கள், ரிவெட் அடிக்கும் முன் ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் தின்னர் துணியால் தேய்த்து, உள்ளே பொன்னிறம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீந்த துண்டோடு ஒப்பிட்டுக் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள்.