சிவிக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

மியான்மரின் யாங்கோனில் வேலை தேடும் தம்பி ஒருவர், சிவி தயாரிக்க இலவச லிப்ரே ஆபிஸின் ரைட்டர் போதுமா, வேர்டு வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டார். அவருக்கான பதில் இது.

பிடிஎஃப் கேட்கும் கம்பெனிக்குத் தாராளமாகப் போதும். ஏற்றுமதியின்போது எழுத்துருவும் கோப்புக்குள் போய்விடுவதால், எந்தக் கணினியில் திறந்தாலும் வரி நகராது. போட்டோ பெரிதாக இருந்தால் அதன்மேல் வலது சொடுக்கி, ‘கம்ப்ரெஸ்’ கொடுத்து படத்தின் துல்லியத்தை 150 டிபிஐக்கு இறக்குங்கள். கரண்ட் போகிற ஊர். தானியங்கிச் சேமிப்பை 2 நிமிடமாக வையுங்கள்.

என் கோபமெல்லாம் வேர்டின் கோப்பு வடிவமான டாக்எக்ஸ் மேல்தான். ஆள் எடுத்துக் கொடுக்கும் சில ஏஜென்சிகள் அதைத்தான் கேட்கின்றன. சாதாரணமாகச் சேமித்தால் அதில் எழுத்துருவின் பெயர் மட்டுமே போகும். லிப்ரே ஆபிஸோடு வரும் லிபரேஷன் சான்ஸ் எழுத்துருவில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேர்டு வேறொன்றை எடுத்துப் போடும்; ஒரு பக்க சிவி இரண்டாம் பக்கத்தில் தொங்கலாம். இதற்கு வழி உண்டு. எழுத்துருப் பெட்டியில் வேர்டின் எழுத்துருவான கலிப்ரியின் பெயரை நீங்களே ஆங்கிலத்தில் தட்டுங்கள், பட்டியலில் இல்லாவிட்டாலும் சரி. திரையில் அதே அகலமுள்ள கார்லிட்டோ என்ற இலவச எழுத்துரு வரும். கோப்பில் கலிப்ரி என்றே பதியும். வேர்டிலும் வரிகள் அநேகமாக அதே இடத்தில் முறியும். தேதிகளை ஸ்பேஸ் தட்டித் தள்ளாதீர்கள், வலது ஓரத்தோடு ஒட்டி நிறுத்தும் வலது டேப் வையுங்கள். போன் நம்பரைப் பக்கத்தின் மேல்பகுதியான ஹெட்டரில் போடவே கூடாது. சிவியைப் பிரித்துப் படிக்கும் மென்பொருள்கள் சில ஹெட்டரைத் தொடுவதில்லை.

பழைய சிவியிலிருந்து பர்மிய வரிகளை எடுத்து ஒட்டுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறியது. பழைய கோப்புகளோ இன்னும் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்து முறையில் கிடக்கின்றன. இரண்டும் ஒரே குறியெண்களை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. நம் ஒற்றைக்கொம்பைப் போல எழுத்துக்கு முன்னால் தெரியும் உயிர்க்குறியை ஸோஜி முன்னாலேயே சேமிக்கும், யூனிகோடு மெய்க்குப் பின்னால் சேமிக்கும். ஆகவே எழுத்துருவை மட்டும் மாற்றினால் முகவரி உடைந்தே தெரியும். கன்வெர்ட்டரில் போட்டு எழுத்தையே மாற்றுங்கள், அல்லது புதிதாக அடியுங்கள்.

அனுப்புமுன் பிடிஎஃபைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த வார்ப்புருக்களில் படிப்பும் அனுபவமும் கலந்து வந்தால், கம்பெனியின் மென்பொருளுக்கும் அப்படியே தெரிய வாய்ப்பு உண்டு.

ரைட்டரை இன்றும் விரும்பித்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் தம்பி, ஏஜென்சிகளை நம்பியே வேலை தேடுவதானால் வேர்டே வாங்கிக்கொள்ளுங்கள்.