ஸ்வீடனில் குடியேறுபவர்களுக்கு: முதலில் எது, அப்புறம் எது

ஸ்வீடனில் பெர்சன்நும்மர் என்ற அடையாள எண் கைக்கு வரும்வரை காரியம் எதுவும் நகராது. வங்கி, போன் இணைப்பு, எஸ்எஃப்ஐ என்ற இலவச ஸ்வீடிஷ் வகுப்பு என எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். வந்து இறங்கிய வாரமே வரித்துறையான ஸ்கட்டேவெர்கெட்டில் விண்ணப்பித்துவிடுங்கள். குறைந்தது ஓராண்டு தங்கப்போகிறவர்களுக்குத்தான் இந்த எண். குடும்பமாக வந்தால் கைக்குழந்தை உட்பட அனைவரும் நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், ஸ்வீடனில் தங்குவதற்கான பெர்மிட் கார்டு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அசலாகவே வேண்டும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது. இதையெல்லாம் ஊரிலேயே சரிசெய்து, மாநில அரசின் சான்றொப்பமும் பிறகு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்பதற்கான சான்று) வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபின் செய்வதென்றால் அசல் சான்றிதழைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எண் ஒதுக்கப்பட்ட கடிதம் சில வாரங்களில் தபாலில் வரும். அது கைக்கு வந்து சேருவது வீட்டுக் கதவைப் பொறுத்தது. அடுக்குமாடிக் கதவில் கடிதம் போடும் துளைக்கு மேலே, அல்லது கீழ்த்தளப் பெட்டியில், வசிப்பவரின் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். குடிபுகுந்த அன்றே ஒரு சீட்டில் பெயரெழுதி ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் தங்கினால் முகவரியில் சி/ஓ போட்டு அவர் பெயரையும் எழுதுங்கள். விண்ணப்பத்தில் நான்கு இலக்க ஃபிளாட் எண்ணும் கேட்பார்கள். 1203 என்றால் முதல் இரண்டு இலக்கம் தளம் (நுழைவுத் தளம் 10, ஆகவே 12 என்பது இரண்டு மாடி மேலே), அடுத்த இரண்டு அந்தத் தளத்தில் எத்தனையாவது வீடு என்பது. ஒப்பந்தத்தில் இந்த எண் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

"வாடகைக்கு இருக்கலாம், ஆனால் இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது" என்று சொல்லும் வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வசிக்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், வீடு மாறினாலும் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உள்வாடகை வீடென்றால் குடியிருப்போர் சங்கமோ கட்டட உரிமையாளரோ கொடுத்த அனுமதிக் கடிதத்தைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். ஸ்டாக்ஹோமில் முறையான வாடகை வீட்டுக்கான மாநகராட்சி வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். உடனே பலன் இல்லாவிட்டாலும் பெர்சன்நும்மர் வந்ததும் முதல் வேலையாகச் சேர்ந்துவிடுங்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறும்.

அடுத்தது அடையாள அட்டை. கட்டணம் 400 குரோனா, நேரம் பதிவு செய்து போக வேண்டும். பணத்தை முன்கூட்டியே கட்டி ரசீதைக் கொண்டுபோக வேண்டும். சொந்தக் கணக்கு இல்லாததால் நண்பர் யாராவது கட்டித் தருவதுதான் எளிது. அட்டை வந்தபின் வங்கிக் கணக்கு, அதிலிருந்து பேங்க்ஐடி என்ற மின்னணு அடையாளம், அதற்கப்புறம்தான் போனில் பணம் அனுப்பும் ஸ்விஷ். பணத்தாள் வாங்காத கடைகள் ஏராளம். அதனால் இந்தச் சங்கிலி முடியும்வரை தாக்குப்பிடிக்க, வெளிநாட்டில் செல்லும் இந்திய கார்டு ஒன்றும் இரண்டு மாதச் செலவுக்கான பணமும் அவசியம்.

சம்பளம் அதிகமுள்ளவர்கள் தவறவே விடக்கூடாத ஒன்று நிபுணர் வரிச்சலுகை. ஏழு ஆண்டுகள் வரை சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு வரி கிடையாது. 2025இல் இதற்கான குறைந்தபட்ச சம்பள வரம்பு மாதம் சுமார் 88,200 குரோனா. வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், சேரும்போதே மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் மக்கள்பதிவு (ஸ்வீடனில் வசிப்பவராக வரித்துறை பதிவு செய்வது) நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான் செல்லும், மாற்றித் தர மாட்டார்கள். கண் பரிசோதனை, ஓட்டப் பழகுவதற்கான அனுமதி, மது, களைப்பு போன்ற ஆபத்துகளைச் சொல்லும் ரிஸ்க் 1 வகுப்பு, வழுக்கும் தரையில் ஓட்டும் ரிஸ்க் 2, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு என்று முதலிலிருந்து வர வேண்டும். எழுத்துத் தேர்வில் 70 கேள்விகள், மதிப்பெண் 65க்குத்தான், தேற 52 வேண்டும். ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டிக் காட்டினால் உரிமமும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமே.

உடம்புக்கு முடியாவிட்டால் நேரே சிறப்பு மருத்துவரிடம் போகும் வழக்கம் இங்கே இல்லை. 1177 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்தால் செவிலியர் கேட்டுவிட்டு வழி சொல்வார். சாதாரணக் காய்ச்சலுக்கு பாராசிட்டமாலும் ஓய்வும்தான். அலட்சியம் என்று எண்ண வேண்டாம், இங்கே நடைமுறையே அதுதான்.

குளிர் ஆடையைச் சென்னையில் வாங்கிக் குவிக்காதீர்கள். உள்ளே மெரினோ கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் போதும். வியர்வையில் நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும் என்பதால் உள்ளாடையாக அது கூடாது. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் மாலை மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குழந்தைகளின் பையிலும் கோட்டிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை அக்டோபரிலேயே மாட்டிவிடுங்கள்.